கீழ்ப்பல்செட்டு நிற்கவே மாட்டேன் என்கிறதா? இரண்டு இம்ப்ளான்ட் கணக்கு

முழுப் பல்செட்டு கட்டியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மேல்செட்டைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். கீழ்செட்டுதான் படுத்தி எடுக்கும். பேசினால் எழும்பும், மென்றால் நகரும், வேர்க்கடலைத் துகள் ஒன்று அடியில் புகுந்துவிட்டால் உயிர் போகும். கடைசியில் விசேஷத்துக்கு மாட்டிக்கொண்டு போய், பந்தியில் உட்காரும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

செட்டு செய்தவரை மட்டும் திட்டிப் பயனில்லை. மேல்செட்டு அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, எச்சில் படலத்தின் தயவில் ஒட்டிப் பிடிக்கிறது. கீழே அண்ணத்துக்குப் பதிலாக நாக்கு இருக்கிறது, அதுவும் சும்மா இருக்காது. செட்டு உட்காரக் கிடைக்கும் பரப்பும் மேலே கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். போதாததற்கு, பல் எடுத்தபின் தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் வருடம் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். நீண்ட கால அளவில் கீழ்த்தாடை கரைவது மேல்தாடையைப்போல் சுமார் 4 மடங்கு. பத்துப் பதினைந்து வருடம் செட்டு போட்டவருக்குக் கீழ் எலும்பு மேடு தட்டையாகியிருக்கும், சிலருக்குக் குழிந்தே போயிருக்கும். அதற்குமேல் எத்தனை புதுச் செட்டு செய்தாலும், என்ன பசை தடவினாலும் கொஞ்ச நாள்தான்.

2002ல் கனடாவின் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட்டை முதல் தேர்வாகச் சொல்லக்கூடாது, எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (டைட்டானியம் திருகு) வைத்து அதில் மாட்டும் செட்டைத்தான் சொல்லவேண்டும். 2009ல் இங்கிலாந்தின் யார்க்கில் வந்த அறிக்கையும் இதையே வழிமொழிந்தது. ஆனால் நம்மூரில் இன்றும் பல் எல்லாம் போனவருக்கு ஒன்று வெறும் செட்டு சொல்கிறார்கள், இல்லையென்றால் ஒரே தாவாக நிலையான பல்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கும் இந்த வழி பலருக்குத் தெரிவதே இல்லை.

இதில் எல்லோரும் திருகைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த கம்பெனி, எந்த நாடு, ஆயுள் உத்தரவாதம் உண்டா என்று. முன் கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது. அங்கே ஒழுங்காக வைத்த டைட்டானியம் திருகு ஏமாற்றுவது அரிது. 1965ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் இம்ப்ளான்ட் முன்னோடியான பிரேனமார்க் தன் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் வைத்த இம்ப்ளான்ட்கள், அவர் 2006ல் இறக்கும்வரை உழைத்தன. வருடங்கள் போகப் போகத் தகராறு வருவது பெரும்பாலும் மேலே உட்காரும் செட்டிலும், இரண்டையும் சேர்க்கும் சின்னச் சின்ன பாகங்களிலும்தான். அதனால் இந்தப் பதிவில் அதற்கே அதிக இடம்.

வாய்க்குள் என்னென்ன இருக்கும்

எலும்புக்குள் இம்ப்ளான்ட், அதாவது மரை போட்ட டைட்டானியம் திருகு. பொதுவாக 3.3 முதல் 4.3 மி.மீ. வரை விட்டம், 8 முதல் 13 மி.மீ. வரை நீளம். அதன்மேல் ஈறைத் தாண்டி வெளியே தெரியும் அபட்மென்ட். செட்டின் உட்பக்கம் பதித்த ஒரு சின்ன உலோக மூடி. அந்த மூடிக்குள் நைலான் குமிழ். சட்டையின் பிரஸ் பட்டனைப்போல அபட்மென்ட்மேல் நைலான் 'டக்'கென்று விழுந்து பிடிக்கும். செட்டைக் கழற்றலாம், கழுவலாம், மாட்டலாம்.

இணைப்பில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. குண்டு வடிவத் தலை, அதற்கு ரப்பர் வளையம். இரண்டு இம்ப்ளான்ட்டையும் இணைக்கும் உலோகக் கம்பி, அதில் கவ்வும் கிளிப். மூன்றாவது, இன்று அதிகம் போடுவது, லொக்கேட்டர் என்ற குட்டை அபட்மென்ட். எதை வைப்பது என்பதை இடம்தான் தீர்மானிக்கும். எலும்பு மேட்டிலிருந்து செட்டின் பல்நுனி வரை லொக்கேட்டருக்குக் குறைந்தது 8.5 மி.மீ. வேண்டும், குண்டுத் தலைக்கு 10 முதல் 12, கம்பிக்கு 13, 14 மி.மீ. இதற்குள் ஈறின் கனம், அபட்மென்ட், மூடி, மூடிக்கு மேல் உடையாத அளவு அக்ரிலிக் (செட்டு செய்யும் பிளாஸ்டிக்), அதன்மேல் பல் எல்லாம் அடங்கியாக வேண்டும்.

இந்த அளவை அறுவைக்கு முன்பே எடுக்கவேண்டும். நன்றாகப் பொருந்திய செட்டு கையில் இருந்தால் வேலை சுலபம்: இம்ப்ளான்ட் வரப்போகும் இடத்தில் கனமானியால் செட்டின் தடிமனைப் பார்த்து, ஈறின் கனத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். இடம் போதாது என்று தெரிந்தால் அறுவையின்போதே மேட்டின் கூர்முனையைச் சீவி இடம் உண்டாக்கலாம். இம்ப்ளான்ட் வைத்த பிறகு தெரிந்தால், இழைத்து இழைத்து மெலிந்த செட்டுதான் கிடைக்கும். அது இணைப்புக்கு நேர்மேலே வெடிக்கும். சமீபத்தில் பல் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். எலும்பு உயரமாக இருப்பதால் செட்டுக்கு இடமே இருக்காது.

யாருக்கு, எப்போது யோசிக்க வேண்டும்

வயது தடையே இல்லை. 80ஐத் தாண்டியவருக்கும் வைக்கலாம். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு 7க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 8ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் கவனித்துவிட்டு வரலாம், பல் எங்கும் ஓடிவிடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட், புற்றுநோய்க்கு சொலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து, புற்றுநோய்க்காக ரத்தக்குழாய் வழி ஊசி போட்டவர்களுக்கு அதிகம். "அது பல்லுக்குச் சம்பந்தமில்லாத மருந்து" என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தலை, கழுத்தில் கதிர்வீச்சு எடுத்தவர்களும் அப்படியே.

நம்மூருக்கே உரிய ஒன்று பாக்கு. வருடக்கணக்காகப் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துவிடும். மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டே விரல் என்றால் முன் தாடையில் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம், ஆனால் முழுச்செட்டை உள்ளே கொண்டுபோவதே பெரும்பாடாகும். தினமும் மாட்டிக் கழற்றவேண்டிய செட்டுக்கு அது உதவாது. தவிர, அந்த வாய்க்கு வேறு பரிசோதனையும் தேவை. அந்த நார் இறுக்கமே புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையக்கூடியது. புகை, வாயில் அடக்கும் புகையிலை இரண்டும் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய ஈறைக் கெடுக்கும்.

கையையும் பார்க்கவேண்டும். பக்கவாதம் வந்தவர், விரல் மூட்டு மடங்காதவர், நடுக்கம் உள்ளவர் செட்டைக் கழற்றித் துடைக்க முடியுமா? வீட்டில் வேறு யாராவது செய்வார்களா? இதைக் கேட்காமல் பலமான பிடிப்பு வைத்துக் கொடுத்தால், செட்டு வாரக்கணக்கில் வாயிலேயே கிடக்கும்.

அறுவை

தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே மட்டும் போதாது. அதில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில்தான் குறுக்குவெட்டு கிடைக்கும். பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, உதட்டுக்குப் போகும் நரம்பு வெளிவரும் துவாரம். சிலருக்கு அந்த நரம்பு வெளியே வருவதற்குமுன் முன்பக்கமாக ஒரு வளைவு போட்டுத் திரும்பும். துவாரத்திலிருந்து முன்னோக்கி 5 மி.மீ. தள்ளியே நிற்பது வழக்கம். இரண்டாவது, நாக்குப் பக்க எலும்புச் சுவரின் சரிவு. ட்ரில் அந்தச் சுவரைத் துளைத்து வெளியே போனால் நாக்கின் அடியில் ஓடும் சிறு தமனி அறுபடலாம். வாயின் தளம் வீங்கி நாக்கு மேலெழும்பி மூச்சடைக்கும். அரிதுதான், ஆனால் இந்தச் 'சுலபமான' இடத்தில் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய சிக்கல் அதுதான்.

இம்ப்ளான்ட் இரண்டும் பக்க வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒன்றுக்கொன்று சுமார் 20 மி.மீ. இடைவெளியில் உட்காரவேண்டும். இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் நன்றாகத் தாங்கும் என்று தோன்றும். ஆனால் முன்பல்லால் கடிக்கும்போது அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்கு வெகு முன்னால் விசை விழுந்து செட்டின் பின்பக்கம் எழும்பும்.

வலதும் இடதும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவேண்டும். சாதா லொக்கேட்டர் நைலான் ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி சாய்வு வரை, அதாவது இரண்டுக்கும் நடுவே 20 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் சாய்ந்தால் நடுக்குமிழ் இல்லாத, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும் வேறு வகை போடலாம். அது 40 டிகிரி வரை சமாளிக்கும், ஆனால் தேய்மானம் கூடுதல். இருக்கும் செட்டையே லேபில் நகலெடுத்து, துளை போட்டு வழிகாட்டித் தகடாக வைத்துக்கொண்டால், பல்லுக்கு அடியில் சரியான இடத்தில் இறங்கலாம். வெறும் கண்பார்வையில் வைத்தால் இம்ப்ளான்ட் நாக்குப் பக்கம் சாய்ந்து, செட்டு அந்தப் பக்கம் தடித்து, 'ச', 'த' சொல்லும்போது நாக்கு இடிக்கும்.

எலும்பு சூடு தாங்காது. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் பட்டாலே எலும்புச் செல்கள் சாகத் தொடங்கும், திருகு ஒட்டாது. அதனால் நிமிடத்துக்கு 800 முதல் 1,200 சுற்று, விடாமல் பாயும் குளிர்ந்த சலைன் (உப்புநீர்), உள்ளே விட்டு வெளியே எடுத்து நிறுத்தி நிறுத்தித் துளைத்தல், மழுங்காத ட்ரில். முன் கீழ்த்தாடையின் கெட்டி எலும்பில்தான் சூடு அதிகம் ஏறும். பலமுறை பயன்படுத்தி மழுங்கிய ட்ரில் அங்கே சத்தமில்லாமல் கெடுதல் செய்யும். இன்னொரு சின்ன விஷயம்: பல கம்பெனி ட்ரில்களில் கூர்முனை, அளவுக்கோட்டைத் தாண்டி அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை நீண்டிருக்கும். நரம்புக்கும் துளைக்கும் நடுவே 2 மி.மீ. விடச் சொல்வதில் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மரத்துப்போக ஊசி, சின்னக் கீறல், முதலில் 2 மி.மீ. ட்ரில், பிறகு படிப்படியாக அகலம், கடைசியில் இம்ப்ளான்ட். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணிநேரம் போதும். முடுக்கும்போது 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை இறுக்கம் கிடைத்தால் நல்ல பிடிப்பு. அதற்குமேல் பலவந்தமாக முடுக்கினால் எலும்பு நசுங்கும். தையல் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும், அது சகஜம். மரப்பு ஊசியின் வேகம் இறங்கிய பிறகும் கீழுதடோ தாடையோ உணர்வில்லாமல் இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். நரம்பை அழுத்தும் திருகை உடனே பின்வாங்கினால் உணர்வு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த இரண்டு மூன்று மாதம் எலும்பு திருகோடு சேரும் காலம். பழைய செட்டை முதல் ஒன்றிரண்டு வாரம் போடாமலிருப்பது நல்லது. அப்புறம் இம்ப்ளான்ட்டுக்கு மேலுள்ள பகுதியைக் குடைந்து மெத்தென்ற பூச்சு போட்டுத் தருவார்கள். அந்தப் பூச்சு சில வாரத்தில் கெட்டியாகிவிடும், மாற்றவேண்டும். கெட்டியான பூச்சோடு செட்டு தினமும் திருகை அசைத்துக்கொண்டிருந்தால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார் வளரும், இம்ப்ளான்ட் கையோடு வந்துவிடும்.

செட்டுக்குள் மூடியைப் பதிப்பது

மொத்த வேலையில் நுணுக்கம் அதிகமான கட்டம் இதுதான். பலர் அரை மணிநேரத்தில் அள்ளித் தெளித்துவிடுவதும் இதைத்தான்.

முதல் நிபந்தனை, செட்டு தனியாகவே நல்ல செட்டாக இருக்கவேண்டும். ஓரங்கள் சரியான நீளம், இரு பக்கமும் ஒரே நேரத்தில் சேரும் கடி, புண் வராத பொருத்தம். மோசமான செட்டில் லொக்கேட்டர் பதித்தால், கெட்ட கடியையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறோம். புதுச் செட்டென்றால் இரண்டு மூன்று வாரம் அணிந்து, புண் பட்ட இடங்களை இழைத்துச் சரிசெய்த பிறகே பதிப்பது என் கட்சி.

அபட்மென்ட்டின் கழுத்து உயரம் 1 முதல் 6 மி.மீ. வரை வரும். ஈறின் கனத்தை நான்கு பக்கமும் அளந்து, மிகக் கனமான பக்கத்தை விட 1 முதல் 1.5 மி.மீ. உயர்ந்து நிற்பதை எடுக்கவேண்டும். கஞ்சத்தனமாகக் குட்டை எடுத்தால் ஈறு மேலேறி மூடி, நைலான் சரியாக உட்காராது. நெட்டையாக எடுத்தால் செட்டில் இடம் காலி. முடுக்க அளவுகோல் உள்ள ரெஞ்சில் 30 நியூட்டன் செ.மீ.; பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அதே அளவு. விரல் பலத்தில் முடுக்கியது சில மாதத்தில் தளரும்.

ஒவ்வொரு அபட்மென்ட் கழுத்திலும் வெள்ளை நிற ரப்பர் வளையத்தைப் போடவேண்டும். மேலே, கறுப்பு நிறத் தற்காலிக நைலான் உள்ள உலோக மூடியை அழுத்தி உட்கார்த்தவேண்டும். மூடியின் தலையில் நிறப் பென்சிலால் தடவி, செட்டை மாட்டி எடுத்தால் உட்புறம் அடையாளம் விழும். அந்த இடத்தைக் குடையவேண்டும். குடைந்த பிறகு செட்டு ஈறின்மேல் முழுக்க அமரவேண்டும், மூடியை எந்தப் பக்கமும் தொடவே கூடாது. சந்தேகமிருந்தால் குழைவான சிலிக்கோன் பசை வைத்துப் பார்க்கலாம். உலோகம் எட்டிப் பார்த்தால் இன்னும் குடை. தொட்டுக்கொண்டிருக்கிற நிலையில் பதித்தால் செட்டு ஈறின்மேல் இல்லாமல் இரண்டு திருகின்மேல் மட்டும் நிற்கும். மெல்லும் பாரம் அத்தனையும் அங்கே இறங்கி, முதலில் நைலான் நசுங்கும், பிறகு அக்ரிலிக் வெடிக்கும், கடைசியில் அபட்மென்ட் திருகு.

நாக்குப் பக்கச் சுவரில் இரண்டு சின்ன ஜன்னல் போட்டால் மிஞ்சிய அக்ரிலிக் வெளியேற வழி கிடைக்கும். பிறகு தானாகவே இறுகும் செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கைக் கலந்து குழியில் கொஞ்சம், மூடியின்மேல் கொஞ்சம் வைத்து, செட்டை உட்கார்த்தி, பற்களை லேசாகச் சேர்க்கச் சொல்லவேண்டும். 'லேசாக' என்பதுதான் சூட்சுமம். பலமாகக் கடித்தால் ஈறு அமுங்கிய நிலையில் அக்ரிலிக் இறுகும். வாயைத் திறந்ததும் ஈறு மேலே தள்ள, மூடி கீழே இழுக்க, செட்டு எப்போதும் இழுபறியிலேயே கிடக்கும்.

அந்த வெள்ளை வளையத்தை மறந்துவிட்டால், அல்லது அக்ரிலிக்கை அளவுக்குமேல் ரொப்பிவிட்டால், அது கழுத்தின் குறுகலுக்குள் வழிந்து இறுகிவிடும். செட்டு வாயோடு பூட்டிக்கொள்ளும். பிறகு ஜன்னல் வழியே ட்ரில் விட்டு அக்ரிலிக்கை அறுத்துத்தான் எடுக்கமுடியும். ஜன்னல் இல்லையென்றால் செட்டையே துண்டு போடவேண்டியதுதான்.

இறுகியதும் எடுத்து, மூடியைச் சுற்றியுள்ள ஓட்டைகளை நிரப்பி, வழிந்ததை இழைத்து மெருகேற்றவேண்டும். பிறகு கறுப்பை எடுத்துவிட்டு நிஜ நைலான். பிடிப்பு நிறத்தில் தெரியும்: நீலம் ஒவ்வொன்றும் சுமார் 680 கிராம், இளஞ்சிவப்பு சுமார் 1.36 கிலோ, நிறமில்லாதது சுமார் 2.27 கிலோ. நீலத்தில் தொடங்குவதே முறை. வெறும் செட்டோடு மல்லுக்கட்டியவருக்கு நீலமே பெரிய விடுதலை. முதல் நாளே பலமானதைப் போட்டு அனுப்பினால், வீட்டுக்குப் போய்க் கழற்ற முடியாமல் திரும்பி வருவார், அல்லது ஓரத்தை நெம்பி உடைத்துக்கொண்டு வருவார். நிறக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி, வகைக்கு வகை கொஞ்சம் மாறும்.

பிறகு வரும் தகராறுகள்

'பிடிப்பு போச்சு' என்பதுதான் அதிகம் வரும் புகார். முதலில் அபட்மென்ட்டின் நடுக்குழியைப் பாருங்கள். அதில் உணவுத் துணுக்கோ காரையோ அடைத்திருந்தால் நைலானின் நடுக்குமிழ் இறங்காது. அதோடு அழுத்திக் கடித்தால் குமிழ் நசுங்கிப் புது நைலானும் வீண். குழி சுத்தமாக இருந்தால் தேய்ந்தது நைலான்தான். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றவேண்டி வருவது இயல்பு, ஐந்து நிமிட வேலை. ஒரு மாதத்துக்கொரு முறை தேய்ந்தால் நைலானைக் குறை சொல்லாதீர்கள். இம்ப்ளான்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது, அல்லது செட்டு ஆடுகிறது.

செட்டு ஆடுவது நோயாளிக்குத் தெரியாது, மெதுவாக வரும். பின்பக்கம் இம்ப்ளான்ட் கிடையாது, அங்கே ஈறும் எலும்பும்தான் தாங்குகின்றன, அந்த எலும்பு தொடர்ந்து கரைகிறது. ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். செட்டு அமிழ்ந்து முன்பக்கம் கிளம்பினால் ரீலைன் காலம் வந்துவிட்டது, அதாவது அடிப்பக்கத்தைப் புதிய அக்ரிலிக்கால் நிரப்புவது. இதைச் செய்யாமல் பிடிப்பை மட்டும் நீலத்திலிருந்து நிறமில்லாததற்கு ஏற்றுவது தப்பான வைத்தியம். செட்டு இரண்டு திருகையும் அச்சாக வைத்து நெம்பிக்கொண்டே இருக்கும்.

கீழ்செட்டு இறுகியதும் முன்பல்லிலேயே கடித்துச் சாப்பிடும் பழக்கம் சிலருக்கு வந்துவிடும். மேலே வெறும் செட்டு இருந்தால், மேல் முன் எலும்பு கரைந்து ஈறு சதைத் தொங்கலாகும். அதற்காகத்தான் கடி அமைக்கும்போது பற்களைச் சேர்த்தால் முன்பற்கள் தொடாமல், கடைவாய்கள் மட்டும் சேரும்படி வைப்பது. மூடிக்கு நேர்மேலே செட்டு வெடிப்பதைத் தடுக்க, ஆரம்பத்திலேயே கோபால்ட் குரோம் உலோக வலையை உள்ளே வைத்து வார்க்கச் சொல்லலாம். பின்னால் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதைவிட மலிவு.

இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வந்தால் அது ஆரம்பம்; சுத்தம் செய்தால் சரியாகும். சீழ் வந்து எலும்பு இறங்கினால் அடுத்த கட்டம். பிரச்சினை என்னவென்றால் வலிக்காது. அபட்மென்ட் போட்ட அன்று ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். முதல் வருடம் கொஞ்சம் எலும்பு இறங்குவது சகஜம், பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்கவேண்டும் என்பது பழைய அளவுகோல். இம்ப்ளான்ட்டே ஆடினால் அதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட்டு எலும்பு ஆறியபின் புதிது. ஆனால் பதறுவதற்குமுன், ஆடுவது இம்ப்ளான்ட்டா தளர்ந்த அபட்மென்ட்டா என்று பார்க்கவேண்டும். பல நேரம் பின்னதுதான், ரெஞ்சை எடுத்து முடுக்கினால் முடிந்தது.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. செட்டை விரலால் அழுத்தி மாட்டவேண்டும். வாயில் வைத்துக் கடித்து உட்கார்த்தக் கூடாது. கழற்றும்போது இரண்டு பக்கமும் கட்டைவிரலால் ஒரே சமயத்தில் மேலே தள்ளவேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் நைலான் கிழியும். மெல்லிய பிரஷும் சோப்பும் போதும், சொரசொரப்பான பேஸ்ட் அக்ரிலிக்கைக் கீறும். வெந்நீரில் போட்டால் வளையும். பிளீச்சிங் கலந்த திரவத்தில் ஊறவைத்தால் நைலான் கெடும். அபட்மென்ட்டை நாலாபுறமும், முக்கியமாக நாக்குப் பக்கம், மெல்லிய பிரஷால் தேய்க்கவேண்டும். ராத்திரி கழற்றித் தண்ணீரில்.

மேல்தாடைக்கு இதே கணக்கு செல்லாது. எலும்பு மிருதுவானது, சைனஸ் என்ற காற்றறை வேறு அதற்குமேல் உட்கார்ந்திருக்கும். குறைந்தது நான்கு இம்ப்ளான்ட், காத்திருப்பும் நீளம். அண்ணத்தைத் திறந்துவிட்ட செட்டு வேண்டும் என்பவர்கள் அதற்காக இதைச் செய்துகொள்ளலாம். மற்றபடி மேல்செட்டு நன்றாக நிற்கிறது என்றால் அங்கே காசு போடத் தேவையில்லை.

கழற்றவே வேண்டாத நிலையான பல்வரிசை கேட்பவர்களுக்கு நான்கு இம்ப்ளான்ட் முறை உண்டு. லிஸ்பனில் பாவ்லோ மாலோ என்ற பல் மருத்துவர் பிரபலப்படுத்தியது. பின்னிரண்டைச் சாய்த்து வைப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் 15 மி.மீ. அளவுக்கு உயரம் வேண்டும், செலவு பல மடங்கு, அடியில் சுத்தம் செய்யக் கை ஓடவேண்டும். கரைந்த எலும்பால் உள்ளே குழிந்துபோன உதட்டை முட்டுக் கொடுத்து நிறுத்துவது கழற்றும் செட்டின் ஓரத்துக்குத்தான் சுலபம். இதை விளம்பரம் சொல்லாது.

பணம் பேசும்போது மொத்தத் தொகையோடு நிற்காதீர்கள். ஸ்கேன், இம்ப்ளான்ட், அபட்மென்ட், மூடியும் நைலானும், செட்டு, உலோக வலை, முதல் வருட ரீலைன் எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று எழுதி வாங்குங்கள். "இம்ப்ளான்ட் இவ்வளவு" என்று சொல்லும் தொகையில் பெரும்பாலும் திருகு மட்டுமே அடக்கம். பழைய செட்டிலேயே பதித்துத் தருவதாகச் சொன்னால், அதன் வயதையும் பல் தேய்மானத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்கவேண்டும். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் ஒட்டும் சீட்டு வரும். கம்பெனி, வகை, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதையும் அபட்மென்ட்டின் கழுத்து உயரத்தையும் ஓர் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சென்னையில் வைத்துக்கொண்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே அபட்மென்ட் தளர்ந்தால், எந்த கம்பெனி என்று தெரியாமல் பொருந்தும் முடுக்கியைத் தேடுவதே ஒரு நாள் வேலை. பொருந்தாத முடுக்கியைப் போட்டுத் திருகின் தலை வழுக்கிவிட்டால் பிறகு அதைத் துளைத்துத்தான் எடுக்கவேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் அந்த அட்டையைக் காட்டலாம். டைட்டானியத்தை காந்தம் இழுக்காது, லொக்கேட்டருக்கும் பயமில்லை, செட்டை மட்டும் கழற்றிவிட்டுப் படுங்கள். காந்த வகை இணைப்பு போட்டவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லவேண்டும். தாடையில் திருகோடு இருக்கும் காந்தம் பிடிக்கும் துண்டு படத்தைக் கெடுக்கும், சில நேரம் அதை முதலில் கழற்ற வேண்டியும் வரும்.